.177 ரைஃபிளுக்குக் கனமான பெல்லட்: எடை எங்கே உதவும், எங்கே கெடுக்கும்?

கேள்வி இது. பெங்களூர் ஒயிட்ஃபீல்ட் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் 20 ஜூலுக்கு உட்பட்ட .177 (4.5 மி.மீ. துளை) பிசிபி ரைஃபிளில், அதாவது முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றால் சுடும் ஏர் ரைஃபிளில், 50 மீட்டர் தூரத்துக் காகிதக் குறியில் பயிற்சி செய்கிறார். 8.44 கிரெய்ன் (பெல்லட் எடையைச் சொல்லும் அலகு) பெல்லட் விடிகாலையில் நன்றாகக் குவிகிறது, காற்று கிளம்பியதும் பக்கவாட்டில் சிதறுகிறது. மும்பையில் இருக்கும் அவருடைய நண்பர் 10.34 கிரெய்னுக்கு மாறிக்கொள்ளச் சொல்கிறார். கடைக்காரர் 13.43 கிரெய்னை எடுத்துக் காட்டி, இன்னும் கனம் என்றால் இன்னும் நல்லது என்கிறார். வீட்டில் கிடக்கும், பாரலை மடக்கி ஏற்றும் பழைய ஸ்பிரிங் ரைஃபிளுக்கும் அதே டப்பாவைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்பது கூடுதல் கேள்வி. எந்தப் பெல்லட் நல்லது என்று கேட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் கேள்வி வேறு. எடை கூடினால் காற்றில் விலகுவது எவ்வளவு குறையும், அதற்குப் பதிலாக எதை இழக்க வேண்டியிருக்கும்?

அவருக்கே சொல்வதாக எழுதுகிறேன், முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பிசிபியில் 10.34 கிரெய்னைச் சோதித்துப் பார்க்கலாம், ஆனால் லாபம் நீங்கள் எதிர்பார்க்கும் அளவு பெரிதாக இருக்காது. 13.43 உங்கள் ரைஃபிளுக்கு வேண்டாம். ஸ்பிரிங் ரைஃபிளில் இந்த இரண்டையுமே போடாதீர்கள். அதற்கு 7.8 முதல் 8.6 கிரெய்ன் வரைதான் பொருத்தம். இதில் கணக்கை வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியது எது, உங்கள் பாரல் மட்டுமே சொல்லக்கூடியது எது என்று பிரித்துக்கொண்டால் பணமும் நேரமும் மிச்சமாகும்.

உறுதியானது முதலில். குழல் வாயில் பெல்லட்டுக்குக் கிடைக்கும் ஆற்றல் ஓர் எல்லைக்குள் இருக்கும்போது, எடை கூடினால் வேகம் குறைந்தே தீரும். ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம். 8.44 கிரெய்ன் பெல்லட் 0.547 கிராம், 20 ஜூலில் அது வினாடிக்கு 270 மீட்டர் வேகத்தில் வெளியேறும். 10.34 கிரெய்ன் 0.670 கிராம், அதே ஆற்றலில் 244 மீட்டர். 13.43 கிரெய்ன் 0.87 கிராம், 214 மீட்டர். நேர்மாறாக, வேகத்துக்காக விற்கப்படும் 5 கிரெய்ன் ஈயமில்லா உலோகப் பெல்லட்டை எடுத்தால் கணக்குப்படி 350 மீட்டர் வரும். அது ஏறத்தாழ ஒலியின் வேகம். ஒலியை நெருங்கும்போது இடுப்புச் சிறுத்த பெல்லட் நிலைகுலையும், குழுமம் (அடுத்தடுத்துச் சுட்டவை குறியில் சேர்ந்து விழும் கூட்டம்) கலையும். ஆகவே மிக லேசானதும் சரியில்லை, மிகக் கனமானதும் சரியில்லை. .177 அளவில் குறிபார்த்துச் சுடுகிறவர்கள் பெரும்பாலும் வினாடிக்கு 235 முதல் 280 மீட்டர் வரையிலான வேகத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

காற்றில் விலகுவது பெல்லட் கிளம்பும் வேகத்தை மட்டுமே பொறுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. காற்றின் எதிர்ப்பே இல்லாவிட்டால் பெல்லட் 50 மீட்டரைக் கடக்க ஒரு குறிப்பிட்ட நேரம் ஆகும், எதிர்ப்பினால் அதைவிடச் சற்றுக் கூடுதலாக ஆகிறது. அந்தக் கூடுதல் நேரத்தைப் பக்கவாட்டுக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பதுதான் விலகல். கனமான பெல்லட் மெதுவாகக் கிளம்பினாலும் கிளம்பிய வேகத்தை விடாமல் வைத்திருக்கும். அதனால் அதன் கூடுதல் நேரம் குறைவு. 8.44 கிரெய்னின் காற்று ஊடுருவல் எண் (வேகத்தை எவ்வளவு தக்கவைக்கும் என்பதைக் காட்டும் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட்) சுமார் 0.023, 10.34 கிரெய்னுக்குச் சுமார் 0.030 என்று வைத்துக் கணக்குப் போட்டேன். கடல் மட்டத்தில், வினாடிக்கு 3 மீட்டர் குறுக்குக் காற்றில், 50 மீட்டரில் முதலாவது ஏறத்தாழ 7.4 செ.மீ. விலகும், இரண்டாவது 6.1 செ.மீ. விலகும். இவை தோராய மதிப்பீடுகள், உங்கள் துப்பாக்கியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்பின் வரலாம். ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே என்பது பெரிதாக மாறாது.

மும்பை நண்பரின் அனுபவம் அப்படியே உங்களுக்குப் பொருந்தாததற்கு ஊரும் ஒரு காரணம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரே வெப்பநிலையில் ஒப்பிட்டால் இங்கே காற்றின் அடர்த்தி மும்பையைவிட ஏறக்குறைய 10 சதம் குறைவு. அதே 8.44 கிரெய்ன், அதே 3 மீட்டர் காற்றில், இங்கே 6.6 செ.மீ. போலத்தான் விலகும். அதாவது அவர் கனமான பெல்லட்டுக்கு மாறிப் பெறும் லாபத்தில் பாதிக்கு மேல், நீங்கள் எதையும் மாற்றாமலே ஊர் உங்களுக்குக் கொடுத்துவிடுகிறது. இங்கே 10.34 போட்டால் 5.5 செ.மீ. ஆகும். மிச்சம் கிடைப்பது ஒரு சென்டிமீட்டர். அதைச் சும்மா என்று சொல்லமாட்டேன், போட்டியில் அது ஒரு வளையம். ஆனால் காற்று 1 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்கு ஏறியதை நீங்கள் கவனிக்காமல் விட்டால், எந்தப் பெல்லட் போட்டிருந்தாலும் மூன்றரை முதல் நாலரை சென்டிமீட்டர் போய்விடும். உங்கள் சிதறலில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். 10, 25, 40 மீட்டரில் மெல்லிய குச்சி நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு முழம் கம்பளி நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் நூலை அதிகமாக நம்புங்கள். தொடக்கத்தில் தள்ளப்பட்ட பெல்லட் மிச்சத் தூரம் முழுக்கத் தள்ளப்பட்ட திசையிலேயே போகும், குறிக்கு அருகில் அடிக்கும் காற்றுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. மூன்று நூலும் ஒரே கோணத்தில் நிற்கும்போது மட்டும் சுடப் பழகினால், கனமான பெல்லட் தருவதைவிட அதிகமாகக் கிடைக்கும்.

கனமான பெல்லட் கீழே அதிகம் இறங்குமே என்ற பயம் தேவையில்லை. 50 மீட்டரில் 10.34 கிரெய்ன் மூன்று நான்கு சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கும், அவ்வளவுதான். இறக்கம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வரும், ஸ்கோப்பில் சில கிளிக் திருப்பினால் தீர்ந்தது. ஆனால் தூரத்தைத் தவறாகக் கணித்தால் வரும் பிழை கனமான பெல்லட்டில் சற்று அதிகம். அளந்து வைத்த 50 மீட்டரில் சுடும் உங்களுக்கு இது பிரச்சினையே இல்லை. தெரியாத தூரங்களில் சுடும் ஃபீல்ட் டார்கெட் ஆட்டத்துக்குப் போவதாக இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

இனி 13.43 ஏன் வேண்டாம் என்பது. இடுப்புச் சிறுத்த பெல்லட் இரண்டு வகையில் நேராகப் பறக்கிறது. ஒன்று, பாரலின் உள்வரிகள் கொடுக்கும் சுழற்சி. மற்றொன்று, இறகுப்பந்து போலக் கனமான தலை முன்னும் லேசான பின்புறம் பின்னும் இருப்பதால் காற்றே அதை நேராகப் பிடித்துக்கொள்வது. நீளம் கூடக்கூட இந்த இரண்டாவது உதவி குறைந்து, சுழற்சியை நம்பியே பறக்கவேண்டி வரும். .177 பாரல்களில் உள்வரி பொதுவாக 400 முதல் 450 மி.மீ.க்கு ஒரு சுற்று சுற்றும். 450 மி.மீ. என்றால், 270 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட் வினாடிக்கு 600 சுற்று சுற்றுகிறது. 214 மீட்டரில் கிளம்பும் 13.43 கிரெய்னுக்கு 475 சுற்றுதான் கிடைக்கும். நீளம் கூடியதற்கு அதிகச் சுழற்சி தேவைப்படும் நேரத்தில் குறைவாகக் கிடைக்கிறது. 25 மீட்டரில் நன்றாகக் குவிந்துவிட்டு 50 மீட்டரில் திடீரென விரிந்தால், பெல்லட் திருகுச் சுற்றாகப் பறக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த எடை, 20 ஜூலைத் தாண்டிய வெளிநாட்டுத் துப்பாக்கிகளை மனதில் வைத்து வந்தது. இடுப்பே இல்லாத, தோட்டா வடிவ ஸ்லக்குகளுக்கும் இதே பதில்தான். அவை முழுக்கச் சுழற்சியை நம்புபவை, பாரலின் அளவுக்கு மிகத் துல்லியமாகப் பொருந்தாவிட்டால் சாதாரணப் பெல்லட்டைவிட மோசமாக விழும்.

பிசிபியில் கனமான பெல்லட் போடும்போது சட்டம் சம்பந்தப்பட்ட ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. 2016 ஆயுத விதிகளின்படி, குழல் வாயில் 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட துளையோ இருந்தால் அந்த ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டும். பிசிபியில் எடை கூடினால் ஆற்றலும் கூடும். கனமான பெல்லட் பாரலுக்குள் அதிக நேரம் இருக்கிறது, அந்த நேரம் முழுக்க அழுத்தக் காற்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. 8.44 கிரெய்ன் உங்கள் துப்பாக்கியில் வினாடிக்கு 265 மீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம், ஆற்றல் 19.2 ஜூல். அமைப்பை மாற்றாமல் 10.34 போட்டு, அது 248 மீட்டரில் வந்தால் 20.6 ஜூல் ஆகிவிடும். துப்பாக்கி அதேதான், டப்பா மட்டும் மாறியது, ஆனால் எல்லை தாண்டிவிட்டது. குரோனோகிராஃப் (பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) இல்லாமல் எடை மாற்றாதீர்கள். கிராமில் எடை, அதை வேகத்தால் இருமுறை பெருக்கி 2000 ஆல் வகுத்தால் ஜூல் கிடைக்கும். 10.34 கிரெய்னுக்கு வினாடிக்கு 240 மீட்டர் என்றால் 19.3 ஜூல், அங்கே நிறுத்துங்கள். காற்று வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியல் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல், ஒவ்வொரு திருப்பத்துக்கும் பத்துப் பெல்லட் சுட்டு வேகம் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் ரைஃபிளில் கதை தலைகீழ். அங்கே சேமித்த காற்று இல்லை. விசையை அழுத்தியதும் பிஸ்டன் பாய்ந்து, சிலிண்டரில் இருக்கும் காற்றைக் கண நேரத்தில் நசுக்குகிறது, அந்த உச்ச அழுத்தத்தில் பெல்லட் நகர்ந்தாக வேண்டும். பெல்லட் கனமாக இருந்தால் அது நகரத் தயங்கும். முன்னால் அடைபட்ட காற்று பிஸ்டனைப் பின்னால் உதைக்கும், பிஸ்டன் துள்ளும், ஆற்றல் வீணாகும். 8.44 கிரெய்னில் 16 ஜூல் தரும் துப்பாக்கி 10.65 கிரெய்னில் 14 ஜூலுக்கு இறங்குவது சாதாரணம். வேகம் வினாடிக்கு 200 மீட்டர் பக்கம் வந்துவிடும். அதைவிடக் கெடுதல், பிஸ்டன் பாயும்போதும் துள்ளும்போதும் துப்பாக்கி முன்னும் பின்னும் உதறிக்கொண்டிருக்கையில் பெல்லட் இன்னும் பாரலுக்குள்ளேயே இருப்பது. உங்கள் பிடி அணுவளவு மாறினாலும் விழும் இடம் மாறும். மிக லேசானதைப் போட்டாலும் தீமைதான். தடுக்க எடை போதாததால் பிஸ்டன் சிலிண்டரின் முகப்பில் மோதும், சீல் சீக்கிரம் கெடும், ஸ்பிரிங் உடையும். ஆகவேதான் 7.87, 8.3, 8.44, 8.64 கிரெய்ன் என்ற நடு எடைகள். பெங்களூரின் மெல்லிய காற்றில் சிலிண்டருக்குள் அடைபடும் காற்றும் சற்றுக் குறைவு என்பதால், கடலோர ஊரில் அளந்த வேகத்தைவிட இங்கே கொஞ்சம் குறைந்து வந்தால் துப்பாக்கியைச் சந்தேகிக்க வேண்டாம். இந்த ரைஃபிளைப் பையின்மேல் அழுத்தி வைத்தும் சுடாதீர்கள். இடது உள்ளங்கையை விரித்து அதன்மேல் கிடத்தி, இறுக்கிப் பிடிக்காமல், அது விரும்பியபடி உதற விட்டுச் சுட்டால்தான் உண்மையான குழுமம் தெரியும்.

இதுவரை சொன்னது கணக்கு. இனி வருவதைக் கணக்கால் சொல்ல முடியாது. ஒரே எடை, ஒரே வேகம் உள்ள இரண்டு பெல்லட்டில் ஒன்று உங்கள் பாரலில் ஒரே ஓட்டையில் விழும், மற்றொன்று உள்ளங்கை அகலம் விரியும். அடுத்தவர் வைத்திருக்கும் அதே மாடல் துப்பாக்கியில் இது மாறியும் இருக்கலாம். காரணம் பெரும்பாலும் பொருத்தம். பெல்லட்டின் தலை உள்வரிகளைத் தொட்டுக்கொண்டு போகவேண்டும், பின்விளிம்பு விரிந்து துளையை அடைக்கவேண்டும். .177 பெல்லட்டுகள் 4.49 முதல் 4.53 மி.மீ. வரை தலை அளவுகளில் வருகின்றன. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விரலுக்குத் தெரியும். ஒரு பெல்லட்டைப் பாரலின் பின்பக்கத்தில், பெல்லட் ஏற்றும் துளையில் வைத்துக் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். ஒரே சீரான எதிர்ப்போடு உள்ளே போய், விளிம்பு மட்டும் கடைசியில் லேசாக முரண்டு பிடித்தால் நல்லது. தலையே தடையில்லாமல் விழுந்துவிட்டால் அளவு சிறிது. ஆனால் பாரல் மடக்கும் துப்பாக்கியில் இதைச் செய்யும்போது மறு கை பாரலை விடவே கூடாது. பாரல் திடீரென மூடிக்கொண்டால் விரல் போய்விடும்.

இன்னும் நம்பகமான சோதனை ஒன்று உண்டு. பிசிபியில் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, பெல்லட்டைப் போல்ட்டால் உள்ளே தள்ளி, போல்ட்டைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். பிறகு குழல் வாய்ப் பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட சுத்தம் செய்யும் கம்பியால் மெல்லத் திருப்பித் தள்ளி எடுங்கள். எடுத்ததை நகைக்கடைக்காரர் கண்ணில் மாட்டும் லென்ஸில் பாருங்கள். தலையைச் சுற்றி உள்வரிகளின் தடம் மயிரிழை போல, சம இடைவெளியில், எல்லாப் பக்கமும் ஒரே ஆழத்தில் பதிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் வெறுமையாகவும் இருந்தால் பெல்லட் சாய்ந்து உள்ளே போகிறது. தலையில் தடமே இல்லாமல் விளிம்பில் மட்டும் இருந்தால் ஓர் அளவு பெரிய தலை தேடுங்கள். தலையிலிருந்து ஈயம் சீவி எடுத்தது போலத் துருத்திக்கொண்டிருந்தால் ஓர் அளவு குறையுங்கள். இந்த ஒரு பார்வை, நான்கு டப்பா வாங்கிப் பரிசோதிக்கும் செலவைப் பாதியாக்கும்.

சோதனைக்கு மூன்று வகை போதும். இப்போது நன்றாக விழும் 8.44 ஐ அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஜேஎஸ்பி 10.34, எச் அண்ட் என் பாராகுடா 10.65 இரண்டையும் சேருங்கள். பாராகுடா வெவ்வேறு தலை அளவுகளில் கிடைப்பது வசதி. ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது முதல் இருபது பெல்லட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு தயாரிப்பின் ஈயக் கலவையும் மேல்பூச்சும் வேறு, பழைய படிவு போய்ப் புதியது பிடிக்க அவ்வளவு ஆகும். ஐந்து பெல்லட் குழுமத்தை வைத்து முடிவு செய்வது இந்த ஆட்டத்தில் மிகப் பரவலான தவறு. ஒரே துப்பாக்கி, ஒரே பெல்லட் என்றாலும் ஐந்து சுட்டால் வரும் விரிவைவிடப் பத்து சுட்டால் வரும் விரிவு சராசரியாகக் கால் பங்கு அதிகம், ஐந்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமும் அதிகம். பத்துப் பத்தாக மூன்று குழுமம் ஒவ்வொரு வகைக்கும் வேண்டும். முதல் வகை முப்பதையும் முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போகாதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று என்று முன்னும் பின்னுமாகக் குழுமங்களை மாற்றிச் சுடுங்கள், கடைசிச் சுற்று மறுபடி ஒன்றிலிருந்து. மாறும்போது போகும் இருபது பெல்லட் செலவுதான், ஆனாலும் வெயில் ஏறுவதும் காற்று கிளம்புவதும் தோள் அசருவதும் எல்லா வகைக்கும் சமமாகப் பங்கிட்டுப் போகும்.

இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து வீசும் காற்றில் 50 மீட்டர் சோதனை செய்து முடிவெடுக்காதீர்கள். அந்த மாதங்களில் விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் 25 மீட்டரில் சோதித்து மட்டமானதைக் கழித்துவிட்டு, மிஞ்சியதை அமைதியான ஒரு காலையில் 50 மீட்டரில் பாருங்கள். சிலிண்டர் அழுத்தம் முக்கியம். ரெகுலேட்டர் (காற்றழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் பாகம்) இல்லாத பிசிபி என்றால் நிரப்பியதும் வேகம் குறைவாகத் தொடங்கி, நடுவில் ஏறி, பிறகு இறங்கும். அந்த நடுப்பகுதி எந்த பார் அளவிலிருந்து எந்த பார் அளவு வரை என்று குரோனோகிராஃப் வைத்துக் கண்டுபிடித்து, சோதனை முழுக்க அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். எடை மாறினால் அந்தப் பகுதியும் இடம் மாறும் என்பதால் கனமான பெல்லட்டுக்குத் தனியாக ஒருமுறை பார்க்கவேண்டும். பத்துப் பெல்லட்டில் மிக வேகமானதற்கும் மிக மெதுவானதற்கும் உள்ள இடைவெளி வினாடிக்கு 4 மீட்டருக்குள் இருந்தால் திருப்தி. காற்றில்லாத காலையில் 50 மீட்டரில் பத்துப் பெல்லட்டில் மிகத் தள்ளி விழுந்த இரண்டின் நடுப்புள்ளிகளுக்கிடையே 30 மி.மீ.க்குள் வந்தால், இந்த ஆற்றலில் அது நல்ல பாரல், நல்ல பெல்லட்.

பெல்லட்டுகளை எடைபோட்டுப் பிரிப்பது பற்றியும் கேட்பீர்கள். சிக்பேட்டை, அவென்யூ ரோடு பக்கம் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் தராசுகளில் பல 0.01 கிராம் வரைதான் காட்டும். பெல்லட்டுகளுக்கிடையே நாம் தேடும் வித்தியாசம் 0.1 கிரெய்ன், அதாவது 0.0065 கிராம். அந்தத் தராசால் அதைப் பார்க்கவே முடியாது. 0.001 கிராம் காட்டும் தராசு இருந்தால் மட்டும் இறங்குங்கள். அதிலும் லாபம் எவ்வளவு என்று பாருங்கள். 8.44 கிரெய்னில் 0.1 கிரெய்ன் வித்தியாசம் 50 மீட்டரில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் மேல்கீழ் மாற்றம் தரும், 25 மீட்டரில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதைவிட, டப்பாவை வெள்ளைத் துணியில் கொட்டி, பின்விளிம்பு நசுங்கியதையும் உள்ளே ஈயத்தூள் ஒட்டியதையும் ஒதுக்குவது பலமடங்கு பயன். விளிம்பு வட்டமாக இல்லாத பெல்லட் ஒரு பக்கமாகக் காற்றைக் கசியவிட்டுக்கொண்டு வெளியேறும், அது எங்கே போகும் என்று எந்தத் தராசும் சொல்லாது. டப்பாவைப் பையில் குலுங்கவிட்டு எடுத்துப்போவதுதான் விளிம்பு நசுங்க முதல் காரணம். மேலே மடித்த பஞ்சுத் துணி ஒன்று வைத்து மூடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், எதையும் ஸ்பிரிங் ரைஃபிளின் காற்றுத் துளைக்குள் விடாதீர்கள். பிஸ்டன் நசுக்கும்போது எழும் வெப்பத்தில் எண்ணெய் டீசல் எஞ்சின்போல் பற்றும், புகையும் பெரும் சத்தமும் வரும், வேகம் தாறுமாறாக எகிறும், சீல் கருகும். பிசிபியின் உயர் அழுத்தப் பகுதிகளில் பெட்ரோலிய எண்ணெய் போனால் வெடிவிபத்து நேரலாம். அங்கே சிலிகான் கிரீஸ் மட்டும், அதுவும் ஓ ரிங்குகளில் மெல்லிய படலமாக. பெல்லட்டைக் கழுவத் தேவையில்லை. கழுவினால் தயாரிப்பாளர் பூசிய படலமும் போய்விடும், ஈயம் சீக்கிரம் வெளுக்கும். வெள்ளைப் பொடி பூத்த பழைய டப்பாவைச் சுடாதீர்கள், அந்தப் பொடி பாரலில் உராயும், மூச்சிலும் போகும். சுட்டு முடித்ததும் சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பெல்லட்டை வாயில் கவ்வி வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதை அறவே விடுங்கள்.

50 மீட்டர் எங்கே சுடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மொட்டை மாடியிலோ வீட்டு மனைகளுக்கு நடுவிலோ என்றால் எடையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதை நிறுத்தவேண்டும். 20 ஜூல் பெல்லட் தவறினால் சில நூறு மீட்டர் போகும், கனமானது இன்னும் தூரம் போகும், போய்ச் சேரும் இடத்தில் கண்ணைக் கெடுக்கும் வலு அதற்கு இருக்கும். குறிக்குப் பின்னால் மண் மேடோ, ரப்பர் துகள் நிரப்பிய ஆழமான பெட்டியோ வேண்டும். வெறும் இரும்புத் தகடு நேராக நின்றால் பெல்லட் திரும்பி வரும், கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்கட்டும். பறவைகள் மீதோ அணில் மீதோ குறிவைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும் என்பதை வீட்டில் துப்பாக்கியைத் தொடும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

சோதனையில் 10.34 ஓ 10.65 ஓ வென்றால் உடனே ஒரு டப்பா அல்ல, டப்பாவின் அடியில் அச்சிட்ட தொகுதி எண் ஒன்றாக இருக்கும்படி ஐந்தாறு டப்பா வாங்குங்கள். தொகுதி மாறினால் அச்சு மாறியிருக்கலாம், தலை அளவு நூறில் ஒன்று நகர்ந்திருக்கலாம், பெயரும் எடையும் அதேதான் என்றாலும் குழுமம் வேறாகிவிடும். பழைய தொகுதியில் கடைசி முப்பதைத் தீர்த்துவிடாமல் மூடி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், புதுத் தொகுதி வரும்போது பக்கத்தில் வைத்துச் சுட்டு ஒப்பிட அவை வேண்டும். மூன்று வகையிலும் 8.44 தான் இறுக்கமாக விழுகிறது என்று தெரிந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அமைதியில் 25 மி.மீ. விழும் லேசான பெல்லட்டை விட்டுவிட்டு, அமைதியிலேயே 40 மி.மீ. விரியும் கனமானதைக் காற்றுக்காகப் போட்டால், காற்றில் மிச்சமாகும் ஒரு சென்டிமீட்டரை அந்தக் கூடுதல் பதினைந்து மில்லிமீட்டர் தின்றுவிடும்.